வளைதலும் வளைத்தலும்

தோட்டத்துப் பெரியவர்களைப் பற்றி நம் தலைமுறை பேசும்போது ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடுகிறது. "முதுகு வளைஞ்ச ஜனங்க." கொஞ்சம் படித்தவர்கள் இதையே 'அடிமை மனநிலை' என்பார்கள். துரைக்கு வளைந்தார்கள், கிராணிக்கு வளைந்தார்கள், தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபிறகு தவுக்கேக்கும் சூப்பர்வைசருக்கும் வளைந்தார்கள், அதனால்தான் நாம் இப்படி இருக்கிறோம் என்று அந்தப் பேச்சு முடியும். இலக்கியக் கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். லோபாக்கில் இரவு பத்து மணிக்கு தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போதும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களின் கோபம் உண்மையானது. ஆனால் அந்தக் கோபம் சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

தமிழில் 'வளை' என்பது தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். வளைந்தான் என்றால் தானே வளைந்தது. வளைத்தான் என்றால் இன்னொன்றை வளைத்தது. நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. அந்த ஓர் எழுத்தில் பொறுப்பு முழுவதும் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குக் கைமாறிவிடுகிறது. நம் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் முதல் வடிவத்தையே பயன்படுத்துகிறோம். வளைந்தவர்களை எந்த அளவுக்குக் குறை சொல்லலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதை நான் யோசிக்கத் தொடங்கியது புத்தகத்தில் இருந்து இல்லை. இரும்புத் தகட்டை வளைக்கும் ஒரு மெஷினில் இருந்து.

எஸ்.பி.எம். முடித்தபிறகு மூன்று வருஷம் செனவாங் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, செம்பனை ஆலைக்கு வேண்டிய பெரிய உருளைகள் எல்லாம் அங்கே செய்வோம். செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில் வேகவைப்பார்கள். அதற்கான கலன், படுக்க வைத்த நீண்ட உருளை. உள்ளே ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் நீராவி நிற்கும். தட்டையாக வந்து இறங்கும் இரும்புத் தகடு அப்படிப்பட்ட உருளையாக மாறுவது ரோலிங் மெஷினில்தான். லோபாக்கில் என் வயதுக்காரர்கள் பலருடைய தாத்தா பாட்டி மரம் சீவினவர்கள். அவர்களுக்கும் ரோலர் தெரியும். உறைந்த ரப்பர் பாலை ரோலரில் விட்டு ஷீட்டாகத் தட்டையாக்குவார்கள். நாங்கள் தட்டையாக இருப்பதை ரோலரில் விட்டு வட்டமாக்கினோம்.

மெஷின் பார்க்க எளிமையாக இருக்கும். கீழே இரண்டு ரோலர், மேலே ஒன்று. மூன்றும் முக்கோணமாக நிற்கும். தகட்டைக் கீழ் ரோலர்கள் மேல் படுக்கவைத்து, மேல் ரோலரை இறக்கி அழுத்த வேண்டும். கீழ் ரோலர்கள் சுற்றும்போது தகடு முன்னும் பின்னுமாகப் போய்வரும். ஒவ்வொரு முறையும் மேல் ரோலரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். அதற்கேற்பத் தகடும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். கடைசியில் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 12 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் 1200 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள உருளை செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தகட்டை 3808 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும். அது கனத்தின் நடுக்கோட்டை வைத்துப் போட்ட கணக்கு. வளைந்து முடிந்தபிறகு வெளிப்பக்கத்தின் சுற்றளவு 3845 ஆகியிருக்கும், உள்பக்கம் 3770 ஆகியிருக்கும். அதாவது ஒரே தகட்டின் ஒரு முகம் இழுபட்டிருக்கிறது, மறுமுகம் நசுங்கியிருக்கிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரு சதவீதம். நடுக்கோடு மட்டும் நீளவும் இல்லை, குறுகவும் இல்லை.

சாதாரண மைல்ட் ஸ்டீல் 0.12 சதவீதம் வரைக்கும் இழுபட்டால், விட்டவுடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால்தான் வளைவு நிற்கும். நடுக்கோட்டை ஒட்டிய பகுதி அந்த எல்லையைத் தாண்டுவதே இல்லை. மேலே சொன்ன உதாரணத்தில் 12 மில்லிமீட்டர் கனத்தில் நடுவே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அப்படி இருக்கும். அந்தப் படலத்தை மட்டும் தனியாக உரித்தெடுக்க முடியுமானால் அது மறுபடியும் நேராகிவிடும். வெளியேயும் உள்ளேயும் இருக்கும் பகுதிகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் அது வட்டமாக நிற்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. சுண்டு விரலின் அகலம்கூட இல்லாத கனத்துக்குள் வளைந்ததும் வளையாததும் சேர்ந்தே இருக்கின்றன.

எல்லையைத் தாண்டி வளைந்த பகுதியும் முழுதாக அடங்கிவிடுவதில்லை. மேல் ரோலரை எடுத்ததும் தகடு கொஞ்சம் விரியும். எங்கள் பட்டறையில் இதை 'துள்ளுது' என்போம். எளிய கணக்கில் பார்த்தால், மேலே சொன்ன உருளைக்கு நடுக்கோட்டின் ஆரம் 606 வேண்டுமென்றால், ரோலர் பிடியில் இருக்கும்போது சுமார் 510 வரைக்கும் வளைக்க வேண்டியிருக்கும். கேட்டதை விட அதிகம் வளைத்தால்தான் கேட்டது கிடைக்கும். எவ்வளவு வளைத்தாலும் இந்தத் துள்ளல் போகாது. இரும்பின் தரம், கனம், ஆரம் எல்லாவற்றையும் பொறுத்துக் கூடும் குறையும், அவ்வளவுதான்.

வள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தில் வில்லின் வளைவைப் பற்றிச் சொல்கிறார். வில் வணங்குவது தீங்கு செய்வதற்காக, அதனால் பகைவரின் பணிவான சொல்லை நம்பாதே என்பது கருத்து. வில்லின் வளைவு எல்லைக்குள் நிற்கும் வளைவு. நாணை விட்டதும் திரும்பிவிடும். தகட்டின் வளைவு அப்படி இல்லை. அது உண்மையாகவே வளைந்துவிட்டது, ஆனாலும் உள்ளே கொஞ்சம் வளையாமல் இருக்கிறது. பணிந்துபோகும் ஒரு மனிதனை நாம் இரண்டில் ஒன்றாகத்தான் பார்க்கிறோம். ஒன்று நடிக்கிறான், இல்லையென்றால் அடிமையாகிவிட்டான். நான் பார்த்த மனிதர்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. அவர்களுடைய பணிவு நடிப்பில்லை. அதே சமயம் அது அவர்களின் முழு உருவமும் இல்லை.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் எங்கள் மெஷினை ஓட்டிய அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் ரோலர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தகரத்தில் வெட்டிய வளைவு அச்சு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மெஷினை நிறுத்தி, அச்சைத் தகட்டின் உள்பக்கத்தில் வைத்து, இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். அவசரம் என்று யாராவது கத்தினால், "ஒரேயடியா எறக்குனா கோணிக்கும்டா. அது குடுக்கிற அளவுதான் எடுக்கணும்" என்பார்.

ஓரங்களைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான். மூன்று ரோலர் மெஷினில் தகட்டின் இரண்டு முனையும் வளையாது. வளைய வேண்டுமானால் மேலே அழுத்தும் ரோலருக்கு இரண்டு பக்கமும் கீழே தாங்கல் வேண்டும். முனைக்கு ஒரு பக்கம்தான் தாங்கல் இருக்கும், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. அதனால் கீழ் ரோலர்களின் இடைவெளியில் பாதியளவுக்கு இரு முனையிலும் தட்டையாகவே நின்றுவிடும். இதற்கு வழி உண்டு. முனையை மட்டும் முதலிலேயே பிரஸ்ஸில் வைத்து வளைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தகட்டை நீளமாக எடுத்து, பிறகு தட்டையான பகுதியை வெட்டிவிடலாம். நான்கு ரோலர் மெஷினாக இருந்தால் அதிலேயே முனையையும் பிடித்து வளைக்கலாம். ஒன்றும் செய்யாமல் அப்படியே மூட்டி வெல்டு வைத்தால், உருளை மூட்டுவாயில் கூரை மாதிரிக் கூம்பி நிற்கும். "முனை வளையலன்னு தகட்டத் திட்டுவானுங்க. தாங்கல் இல்லாம அது எப்படி வளையும்?" என்று ஒருமுறை சொன்னார். தகட்டைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் அதை வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்களோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியைச் சொல்லாத அப்பா அம்மா கிடையாது, வாத்தியார் கிடையாது. அந்தப் பழமொழி இளங்கொம்பை மனதில் வைத்துச் சொன்னது. கொம்பு வளரும். வளைத்துக் கட்டினால் அந்த வளைவுக்கேற்பத் தானே வளர்ந்துகொள்ளும். நாம் பழமொழியை மட்டும் கொம்பிடமிருந்து எடுத்துக்கொண்டோம். வேலைமுறையை ரோலரிடமிருந்து எடுத்துக்கொண்டோம், அதுவும் அரைகுறையாக. ரோலர் அண்ணனின் அச்சு நம்மிடம் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிறுத்திக் குனிந்து பார்க்கும் வழக்கமும் இல்லை.

வட்டம் சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1905 மார்ச் 20ஆம் தேதி அமெரிக்காவின் பிராக்டன் நகரத்தில் குரோவர் ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்துப் பாய்லர்களில் வளைத்த தகட்டின் ஒரு முனையை மறுமுனையின் மேல் ஏற்றி ரிவெட் அடிப்பார்கள். அப்படி ஏற்றிய இடத்தில் அது முழு வட்டமாக இருக்காது. உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் நீராவி அதை வட்டமாக்கப் பார்க்கும், அழுத்தம் இறங்கும்போது அது பழையபடி திரும்பும். தினமும் இப்படி ஆடி ஆடி, தகடுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரிசல் விழும். பிராக்டனில் வெடித்ததும் அப்படி மூட்டுவாயில் மறைந்திருந்த ஒரு விரிசல்தான். இரண்டு வருஷத்தில், 1907இல், மாசசூசெட்ஸ் மாநிலம் பாய்லர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. பாய்லர்களை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிகள் அதைத் தொடர்ந்து வந்தன.

நம் நாட்டில் அதற்கும் முன்பே சட்டம் வந்துவிட்டது. ஈயச் சுரங்கங்களில் நீராவி இயந்திரங்கள் ஓடிய காலம் அது. சிலாங்கூரில் பாய்லர் சட்டம் வந்தது 1892இல். இன்றைக்கும் அரசாங்கத்தின் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் ஒரு பாய்லரை ஓட்ட முடியாது. எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்று எழுதி வைத்திருப்பார்கள், தாண்டினால் தானே திறந்து நீராவியை வெளியே விடும் வால்வு இருக்கும், அதிகாரி வந்து சோதித்துப் பார்ப்பார்.

ஒருநாள் ரோலர் அண்ணனுக்கு ஓ.டி. பணம் குறைந்திருந்தது. அது முதல் தடவை இல்லை, நான்கைந்து மாதமாகவே அப்படித்தான். போய்க் கேளுங்கள் என்று நாங்கள் சொன்னோம். அவர் போகவில்லை. மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், பெரியவளுக்கு அந்த வருஷம்தான் எஸ்.பி.எம். பட்டறையில் இருந்த இளைஞர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'முதுகெலும்பு இல்லாத ஆளு' என்று பேசினார்கள். அவர் காதுக்கும் அது போயிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம், "தகட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு தம்பி. இவ்வளவுதான் எறக்கலாம், இதுக்கு மேல கூடாதுன்னு பொஸ்தகமே இருக்கு. நமக்கு எவன் கணக்குப் போட்டு வச்சிருக்கான்?" என்றார்.

அன்று அதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர் கேள்வி கனக்கிறது. பாய்லருக்கு 1892இல் சட்டம். மலாயாவுக்குத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச சம்பள ஆணை வந்தது 2012இல். தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி என்ற அந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தது 2013இல். நடுவில் தொழிலாளர் சட்டங்கள் பல வந்தன, சங்கங்கள் போராடின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'இதற்குக் கீழே இறக்காதே' என்ற ஒரே கோடு எல்லாருக்கும் போடப்படுவதற்கு, பாய்லர் சட்டத்துக்குப் பிறகு நூற்றிருபது வருஷம் ஆகியிருக்கிறது.

தகட்டுக்கும் மனிதனுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தகடு பேசாது. அது பேசாது என்பதால்தான் அதற்காக அச்சு வெட்டினோம், வால்வு வைத்தோம், சட்டம் எழுதினோம். மனிதன் பேசுவான். போதும் என்று அவனால் சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, பேசவும் கூடவும் சுதந்திரம் இருந்தது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

சைக்கிள் கோரிக்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வயிற்றுக்குக் கேட்கும் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும் என்று யாரோ சிலருக்குத் தோன்றியிருக்கிறது. அதுவரைக்கும் அவர்களும் வருஷக்கணக்காக இறங்கித்தான் நின்றிருப்பார்கள். இறங்கி நின்ற அதே ஆட்கள்தான் இனி இறங்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை 'முதுகு வளைஞ்ச ஜனங்க' என்பதா, இல்லையா? அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. நடுவில் வளையாமல் நிற்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு அந்த வார்த்தையில் இடமில்லை.

இங்கே ஒருவர் என்னை மடக்கலாம். வளைப்பது எல்லாமே கொடுமையா? பிள்ளையை வளர்ப்பதும் ஒரு வளைப்புதானே? நியாயமான கேள்விதான், இரும்பிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. தட்டையான தகட்டால் பெட்டி செய்து உள்ளே அழுத்தம் ஏற்றினால் பக்கங்கள் உப்பிப் பிதுங்கும். அதே தகட்டை உருளையாக வளைத்தால் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவி, அதே கனம் பல மடங்கு தாங்கும். வளைவு அதற்குப் பலம். நான் பேசும் மொழியும் என்னை வளைத்ததுதான். அம்மா அடித்து எழுதவைத்த 'ழ'கரமும் ஒரு வளைப்புதான். அதைக் கொடுமை என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எது கொடுமை, எது வளர்ப்பு? என்னிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றும் பட்டறையில் கிடைத்தவை. வளைக்கிறவர் நடுநடுவே நிறுத்திப் பார்க்கிறாரா? முனைக்குத் தாங்கல் கொடுத்திருக்கிறாரா? வளைந்ததால் வந்த பலம் யாருக்குப் போகிறது? மூன்றாவதுதான் கடினமானது. செம்பனை ஆலையின் கலன் பல வருஷம் நீராவியைத் தாங்கி நிற்கும். எண்ணெய் அதற்குச் சொந்தமில்லை. இரும்பைப் பொறுத்தவரை இதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஒரு மனிதனை அப்படி வைத்திருந்தால் அநியாயம்.

என் அம்மாவும் பேக்டரியில் வேலை செய்தவர்தான். வேலையிடத்தில் பிரச்சினை என்று நான் வாய் திறந்தாலே, "வளைஞ்சு குடுத்துப் போய்யா" என்பார். இந்தச் சொல்லைக் கவனித்துப் பாருங்கள். வளைந்து 'கொடு'. வளைவதை ஒரு கொடையாக ஆக்கிவிடுகிறது அது. கொடுப்பவர் பெரியவர் என்பது நம் மரபு. அம்மா மாதிரியானவர்கள் அந்தச் சொல்லில் கொஞ்சம் மரியாதையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னை யாரும் வளைக்கவில்லை, நானாகக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அதில் வழி இருக்கிறது. அவர் கொடுத்ததில்தான் நான் படித்தேன். அதனால் அந்தச் சொல்லை என்னால் கேலி செய்ய முடியாது. ஆனால் கேட்டு வாங்குவது கொடை ஆகாது. இன்னொருவன் இறக்கிய ரோலருக்குக் கீழே நடந்ததைக் கொடை என்று சொன்னால், இறக்கியவன் கணக்கிலிருந்து தப்பித்துவிடுகிறான். அம்மா தனக்காகச் சொல்லிக்கொள்ளலாம். அதை நான் இன்னொருவருக்கு அறிவுரையாகச் சொல்ல மாட்டேன்.

'அடிமை மனநிலை' என்ற பேச்சும் 'வளைஞ்சு குடு' என்ற அறிவுரையும் ஒன்றுக்கொன்று எதிர் மாதிரித் தெரியும். ஒன்று திட்டுகிறது, ஒன்று தடவிக்கொடுக்கிறது. ஆனால் இரண்டிலும் ரோலர் இல்லை. இரண்டிலும் எழுவாய் வளைந்தவர்தான். தாத்தா பாட்டியின் கதையை நாம் எழுதும்போது பிறவினையில் எழுதிப் பார்க்கலாம். பிறவினை என்றால் யார் வளைத்தது என்று சொல்லியாக வேண்டும். எந்தத் தோட்டம், எந்த வருஷம், எவ்வளவு சம்பளம், யார் கையெழுத்து என்று தேட வேண்டியிருக்கும். திட்டுவதைவிட அது அதிக வேலை.

ரோலர் அண்ணனின் பணம் பிறகு கிடைத்தது, முழுதாக இல்லை. அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் அவருடைய சம்பளச் சீட்டுகளை வரிசையாக வாங்கி, ஓ.டி. மணி நேரத்தைக் கூட்டி, ஒரு தாளில் எழுதி, அவரோடு சேர்ந்து தொழிலாளர் இலாகாவுக்குப் போவதாக இருந்தார்கள். அந்தத் தாள் எப்படியோ ஆபீஸுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு முதுகெலும்பு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சு அதோடு பட்டறையில் நின்றுபோனது. மறுநாள் அவர் வழக்கம்போல மேல் ரோலரைக் கொஞ்சம் இறக்கி, மெஷினை நிறுத்தி, அச்சை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.